சுறாப் பல் புதைபடிவ செட்: பல் அருமை, கருவிகள் வேண்டாம்

ஆன்லைனில் 1,850 ரூபாய்க்கு வாங்கிய செட் இது. உள்ளங்கை அளவுக்கு ஒரு பாறைக் கட்டி, அதில் பாதி புதைந்த சுறாப் பல், அதைப் பிரித்தெடுக்கச் சின்னச் சின்னக் கருவிகள், கூடவே ஒரு விளக்கத் தாள். பல் அருமை. கருவிகள் சுமார். விளக்கத் தாளை மட்டும் தயவுசெய்து பின்பற்றாதீர்கள்.

நான் பெங்களூர் அல்சூரில் ஒரு டென்டல் லேபில் கேப், பிரிட்ஜ் செய்யும் டெக்னீஷியன். பல்லைப் பார்த்ததும் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கம் தொழிலோடு வந்தது. அண்ணன் மகள் ஏழாவது படிக்கிறாள், அவளோடு சேர்ந்து செய்யத்தான் இதை வாங்கினேன். பெட்டியைப் பிரித்ததுமே, "அத்தை, இது நிஜப் பல்லா, செஞ்சதா?" என்று கேட்டாள். வாங்குகிற எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி அது.

மொராக்கோவில் கூரிப்கா பக்கத்து பாஸ்பேட் சுரங்கங்களில் இந்த வகைப் பற்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. எங்களுடையது ஓடோடஸ் ஆப்ளிகுவஸ் என்ற அழிந்துபோன சுறாவின் பல். விளிம்பில் ரம்பப் பற்கள் இருக்காது, பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னக் கூர்முனை இருக்கும். வயது 5 கோடி முதல் 6 கோடி ஆண்டுகள். சுறாவுக்கு எலும்புக்கூடு குருத்தெலும்பு, அது மக்கிவிடும். பல் வாழ்நாள் முழுக்க விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும், விழும்போது வேரோடு விழும். அதனால்தான் இத்தனை பல் கிடைக்கிறது.

உதிரிப் பல்லை மணலும் பசையும் குழைத்த கட்டியில் பதித்து, பாறையோடு எடுத்தது என்று விற்பதும் இந்த வியாபாரத்தில் சகஜம். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடி) வைத்துத் தேடினோம். பசைக் கட்டியாக இருந்தால் மணல் துகள்களுக்கு நடுவே மினுமினுப்பும் காற்றுக் குமிழியும் தெரியும். இதில் அப்படி எதுவும் இல்லை, ஊசி பட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஆனால் வேரின் ஒரு மூலை உடைந்து, மணல் கலந்த பசையால் நிரப்பப்பட்டிருந்தது. பழுது பார்த்த பல்லை விற்பதில் தப்பில்லை. விளம்பரத்தில் அதைச் சொல்லாதது தப்பு. விற்பனையாளருக்கு எழுதினேன், பதில் வரவில்லை.

இப்போது அந்த விளக்கத் தாளுக்கு வருகிறேன். கட்டியை இரவு முழுக்க வினிகரில் ஊறவைக்கச் சொல்கிறது. வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். அது பாறையில் உள்ள சுண்ணாம்பைக் கரைக்கும், விட்டால் பல்லையும் அரிக்கும். நம் வாயில் சொத்தை விழுவதும் அமிலம் பல்லின் தாதுவைக் கரைப்பதால்தான். சுறாப் பல்லின் மேல்பூச்சு ஃபுளோரபடைட் (ஃபுளோரின் உள்ள அபடைட் தாது), நம் எனாமலைவிட அமிலத்தைக் கொஞ்சம் தாங்கும். வேர் அப்படி இல்லை. அது நுண்துளைகள் நிறைந்த பகுதி, அமிலத்தை உறிஞ்சிக்கொண்டு பொடியாகிவிடும். ஆய்வகங்களில் அமிலம் பயன்படுத்துகிறார்கள்தான். அதை நீர்க்கச் செய்து, கால்சியம் பாஸ்பேட் சேர்த்து, பல்லைப் பாதுகாத்து, அப்புறம் நீண்ட நேரம் தண்ணீரில் அலசுவார்கள். வீட்டில் ஒரு கிண்ணமும் வினிகர் பாட்டிலும் வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை அது.

கூரிப்காப் பாறைக்கு அமிலமே தேவையில்லை, மிருதுவானது. துணிப்பையில் மணல் நிரப்பி அதன்மேல் கட்டியை உட்கார வைத்து, பல் டாக்டர்கள் வைத்திருக்கும் ப்ரோப் என்ற கூர்முனை எஃகு ஊசியால் பல்லிலிருந்து வெளிப்பக்கமாகச் சுரண்டினால் போதும். செட்டில் வந்த உளி தடிமன், பிடியும் ஆடுகிறது. டென்டல் சாமான் கடையில் சாதாரண ப்ரோப் 150 ரூபாய்க்குள் கிடைக்கும். ஒன்று கவனியுங்கள்: பல்லின் தாதுவான அபடைட்டின் கடினம், தாதுக்களுக்கான மோஸ் அளவில் (1 முதல் 10 வரை) 5, நல்ல எஃகு ஊசி அதைக் கீறும். பல்லின் மேல் மெல்லிய படலம் மிஞ்சும்போது ஊசியை வைத்துவிட்டு மூங்கில் குச்சிக்கும் மிருதுவான டூத் பிரஷ்ஷுக்கும் மாறிவிட வேண்டும். லேபில் மைக்ரோமோட்டார் (வேகமாகச் சுழன்று தேய்க்கும் கைக்கருவி) என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் அதிர்வும் சூடும் வேருக்கு ஆகாது என்று தொடவில்லை. தூசிக்கு என்95 மாஸ்க் இருவருக்கும் கட்டாயம்.

வேர் கொஞ்சம் வெளியே தெரிந்ததுமே அதைக் கெட்டிப்படுத்த வேண்டும். செட்டில் இதற்கென்று சூப்பர் க்ளூ கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பதில் பாரலாய்டு பி-72 வாங்குங்கள், அருங்காட்சியகங்களில் பயன்படும் அக்ரிலிக் பிசின் அது. 100 மில்லி அசிட்டோனில் 5 கிராம் போட்டுக் கண்ணாடி பாட்டிலில் மூடி வைத்து, அவ்வப்போது குலுக்கினால் கரைந்துவிடும். பிரஷ்ஷால் தொட்டு வைத்தால் வேர் உறிஞ்சிக்கொள்ளும். பின்னால் வேண்டாமென்றால் அசிட்டோனாலேயே எடுத்துவிடலாம், இதுதான் இதன் பெரிய குணம். நெயில் பாலிஷ் ரிமூவரில் எண்ணெயும் வாசனையும் இருக்கும், கெமிக்கல் கடை அசிட்டோன்தான் வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. பிசின் பூசும் வேலையைப் பெரியவர்களே செய்யுங்கள். பெங்களூர் மழை மாலைகளில் பூசினால் ஈரத்தால் மேலே வெள்ளை படரும், வெயில் அடிக்கும் காலை நேரம் நல்லது.

"லால்பாக் பாறையைத் தோண்டினா இதெல்லாம் கிடைக்குமா?" என்று அவள் கேட்டாள். கிடைக்காது. பெங்களூர் லால்பாக் பூங்காவில் உள்ள அது 300 கோடி ஆண்டுப் பழைய, நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறை, பல்லுள்ள உயிர் தோன்றுவதற்கு வெகு முன்பே உருவானது. நம் அரியலூர்ப் பக்கம் டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலக் கடல் படிவுகள் இருப்பதைச் சொன்னேன். ஊருக்குப் போகும்போது அங்கே வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று இப்போதே பிடிவாதம்.

பல் முழுசாக வெளியே வந்துவிட்டது. பழுதான மூலையை அப்படியே விட்டிருக்கிறேன், பெட்டிச் சீட்டில் அதையும் எழுதி வைத்தோம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், மூன்றும் பல்லுக்கு. அதே விற்பனையாளரிடம் கருவிகள் இல்லாத கட்டி 1,200 ரூபாய்க்குத் தனியாக இருக்கிறது. அதை எடுங்கள், பழுது பார்த்ததா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுவிட்டு.