கரையோர வீடா, உள்ளே கட்டிய புது வீடா?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் அதிகமான உயிர்களை வாரிக்கொண்டு போனது. அடுத்த மார்ச்சில் அரசு ஒரு கேள்வியை வைத்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு பாதிக்கப்பட்டவர்கள், கரையைவிட்டுத் தள்ளி உள்ளே வருகிறார்களா, அங்கேயே இருக்கிறார்களா?

செலவு (அன்று அரசு சொன்னபடி):
உள்ளே – 1.5 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு இலவசம். பட்டாவில் மனைவி பெயரும் சேரும். இது சின்ன விஷயமில்லை.
கரையில் – பழுது பார்க்கலாம், உதவி கிடையாது.

உறுதி:
உள்ளே – கான்கிரீட் கூரை.
கரையில் – அடுத்த புயல் வரை.

வெக்கை:
உள்ளே – மரங்களை வெட்டிச் சமன்படுத்திய மனைகளில் வரிசை வீடுகள். மதியத்தில் உள்ளே உட்கார முடியாது. திட்டம் போட்டவர்கள் சித்திரையில் ஒரு நாள் படுத்துப் பார்த்திருக்கலாம்.
கரையில் – கடற்காற்று.

தொழில்:
உள்ளே – வலையையும் இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். படகு கண்ணில் படாது. கருவாடு காயவைக்க முற்றம் போதாது.
கரையில் – வாசலில் நின்றே காற்றையும் அலையையும் பார்த்துவிடலாம்.

கைக்குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டுக்கு உள்ளே போவதே சரி. தினமும் கடலுக்குப் போகிறவருக்கு, உறங்க உள்ளே வீடும் வலை வைக்கக் கரையில் ஒரு கொட்டகையும் வேண்டும். இரண்டில் ஒன்று என்று கேட்டதே பிழை என்பது என் எண்ணம்.