மருந்துக்கு முன் பரிசோதனை: புதுச்சேரியில் ஒரு மார்பகப் புற்றுநோய்ப் பிரிவு

கடலூரில் அறுவைச் சிகிச்சை முடிந்த என் அத்தையை, அடுத்த கட்ட சிகிச்சைக்காகப் புதுச்சேரியிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் மார்பகப் புற்றுநோய்ப் பிரிவில் காட்டி வருகிறோம். கட்டியின் தன்மை உறுதியாகத் தெரியும்வரை விலையுயர்ந்த ஊசியைத் தொடுவதில்லை என்பதில் அவர்கள் காட்டும் பிடிவாதத்துக்காகவே இந்தப் பிரிவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

அத்தையின் திசு அறிக்கையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ்; அதாவது, கட்டி அந்த ஹார்மோனால் வளரக்கூடியது. புற்றுநோய் செல்களை வளரத் தூண்டும் ஹெர்-2 என்னும் புரதத்தின் அளவு மட்டும் 2+ என்றிருந்தது. 3+ என்றால் பாசிட்டிவ், 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ்; 2+ இரண்டுங்கெட்டான் நிலை என்பதால், ஃபிஷ் என்னும் மரபணுப் பரிசோதனை செய்துதான் தீர்மானிக்க முடியும். மருத்துவர் அந்த எண்ணைப் பென்சிலால் சுழித்துக் காட்டி, “இது தெரியாமல் ஹெர்-2 பாசிட்டிவானவர்களுக்கான டிராஸ்டுசுமாப் ஊசியை ஆரம்பிக்க மாட்டேன் அம்மா. தேவைப்படாதவருக்குப் போட்டால் பணமும் வீண், இதயத்துக்கும் தொந்தரவு வரலாம்” என்றார். எடுத்த திசு, ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் எத்தனை மணி நேரம் இருந்தது என்றுகூட விசாரித்தார்; 6 மணிக்குக் குறைந்தாலும் 72 மணியைத் தாண்டினாலும் முடிவை முழுமையாக நம்ப முடியாதாம். இப்படியொரு கேள்வியை அதுவரை யாரும் எங்களிடம் கேட்டதில்லை.

குறையும் உண்டு. ஃபிஷ் பரிசோதனை அங்கே கிடையாது, சென்னைக்குத்தான் அனுப்புகிறார்கள். முடிவு எப்போது வரும் என்று வரவேற்பில் கேட்டால் ஆளுக்கொரு பதில். திசு பதிந்த மெழுகு பிளாக்கைக் கடலூர் ஆய்வகத்திலிருந்து நாங்களேதான் கடிதம் கொடுத்து வாங்கி வர வேண்டியிருந்தது. ஊசியின் விலையைச் சொல்லவும் மருந்தகத்தில் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். அதே மருந்துக்கு நிகரான, விலை குறைந்த உள்நாட்டு பயோசிமிலர் மருந்துகள் வந்து பல ஆண்டுகளான பிறகும் இந்த மழுப்பல் ஏனோ தெரியவில்லை.

ஃபிஷ் நெகட்டிவ் என்று வந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ இதயப் பரிசோதனை என்று ஓராண்டு ஓடவேண்டிய சிகிச்சை விலகியது. மாதவிடாய் நின்றவர் என்பதால் தினமும், ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் ஒரு லெட்ரோசோல் மாத்திரை எழுதித் தந்தார்கள். இத்தகைய 2+ நிலையை இப்போது ‘ஹெர்-2 குறைவு’ என வகைப்படுத்துவதையும், 2022 முதல் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகன் என்னும் மருந்து, நோய் பரவிய அத்தகையவர்களுக்கும் அனுமதிக்கப்பட்டிருப்பதையும், அத்தைக்கு அது இப்போது பொருந்தாது என்பதையும் மருத்துவர் நாங்கள் கேட்காமலேயே விளக்கினார்.

கடலூர், பண்ருட்டிப் பக்கமிருந்து செல்பவர்கள் அறிக்கையோடு ஸ்லைடுகளையும் பிளாக்கையும் முதல் நாளே கையோடு கொண்டுபோவது நல்லது.