ஏலத்தை எந்த நேரத்தில் முடிப்பது? சிங்கப்பூரிலிருந்து ஒன்பது ஆண்டு விற்றுப் பார்த்த அனுபவம்

அப்பா 2015-ல் தவறியபோது வீட்டில் பதினான்கு தபால்தலை ஆல்பங்கள் இருந்தன. துறைமுகத்தில் வேலை பார்த்தவர் அவர். கப்பல்காரர்களிடம் கேட்டு வாங்கியவை, கூட்டாளிகளிடம் மாற்றிக்கொண்டவை, சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் ஞாயிறுதோறும் குனிந்து தேடி எடுத்தவை என்று முப்பது வருடச் சேகரிப்பு. (அந்தச் சந்தையும் 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. அவர் இருந்திருந்தால் கடைசி நாளன்று கண்டிப்பாகப் போய் நின்றிருப்பார்.) மூன்று ஆல்பங்களை வைத்துக்கொள்வது, மற்றதை ஆசையோடு சேகரிப்பவர்களிடம் சேர்ப்பது என்று அம்மாவும் நானும் முடிவு செய்தோம். உள்ளூரில் ஒருவர் மொத்தத்துக்கும் சேர்த்து நானூறு வெள்ளி (இங்கே டாலரை அப்படித்தான் சொல்வோம்) சொன்னார். அந்தத் தொகைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. 2016-ல் ஈபே இணையதளத்தில் ஒவ்வொன்றாக ஏலத்தில் போட ஆரம்பித்தேன். இதுவரை அறுநூற்றுக்கும் மேல் போயிருக்கிறது.

முதல் ஏலமே எனக்குப் பாடம். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மேலச்சு குத்திய, அதாவது ஏற்கெனவே இருந்த தலைகளின்மேல் எழுத்து அச்சடித்த தபால்தலைகள், ஏழு தலைகள் கொண்ட ஒரு தொகுப்பு. ஜூன் மாதம், புதன்கிழமை. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து படம் எடுத்து, விவரம் எழுதி, ஏழு நாள் என்று போட்டு பொத்தானை அழுத்தினேன். எனக்கு ஓய்வு கிடைத்த நேரம் அது, அவ்வளவுதான். அடுத்த புதன் இரவு ஒன்பது மணிக்கு 22 அமெரிக்க வெள்ளிக்கு முடிந்தது. இரண்டு மாதம் கழித்து வேறொருவர் போட்ட அதே தொகுப்பு, என்னுடையதைவிட ஓரப் பற்கள் தேய்ந்தது, எழுபதைத் தாண்டியது. ஈசூனில் இருக்கும் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவரும் சேகரிப்பவர்தான், ஆனால் பண நோட்டுப் பக்கம். “முடிஞ்சப்ப லண்டன்ல மணி என்னம்மா?” என்று கேட்டார். கணக்குப் போட்டேன். லண்டனில் மதியம் இரண்டு, நியூயார்க்கில் காலை ஒன்பது. “எல்லாரும் வேலையில இருக்கிற நேரத்துல ஏலத்தை முடிச்சா யாரும்மா கேப்பா?” என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, நாம் உண்மையில் தேர்ந்தெடுப்பது ஏலம் முடியும் நேரத்தை. ஆரம்ப நேரம் அதற்கான வழி மட்டும்தான். ஈபேயில் 1, 3, 5, 7, 10 நாள் என்றுதான் கால அளவு. எந்த மணிக்கு ஆரம்பித்தோமோ அதே மணிக்கு முடியும். அப்புறம் யாராவது ஏலம் கேட்டுவிட்டால் கால அளவை மாற்றவும் முடியாது. ஆகவே பின்னாலிருந்து எண்ண வேண்டும். ஞாயிறு மாலை முடிய வேண்டும் என்றால் ஏழு நாளுக்கு ஞாயிறு, ஐந்து நாளுக்கு செவ்வாய், மூன்று நாளுக்கும் பத்து நாளுக்கும் வியாழன். இதில் எனக்கு மிகவும் பிடித்தது வியாழன் ஆரம்பிக்கும் பத்து நாள்தான். அதற்குள் இரண்டு வாரக் கடைசிகள் முழுசாக அடங்கிவிடும். முதல் சனி ஞாயிறில் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்கிறவர், இரண்டாவது ஞாயிறில் வந்து கேட்பார்.

அடுத்த சிக்கல், யாருடைய ஞாயிறு மாலை என்பது. நம் மணி வருடம் முழுக்க ஒரே மணி. அவர்களுடையது அப்படியல்ல, கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்துவிடுவார்கள். நியூயார்க்கில் ஞாயிறு இரவு ஒன்பது என்றால் கோடையில் நமக்குத் திங்கள் காலை ஒன்பது, குளிர்காலத்தில் பத்து. அப்போது கலிஃபோர்னியாவில் மாலை ஆறு, அங்கேயும் ஆள் வீட்டில் இருப்பார். லண்டனில் ஞாயிறு இரவு எட்டு என்றால் நமக்குத் திங்கள் விடிகாலை மூன்று அல்லது நான்கு. இரண்டு ஊரையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. பிடிக்கப் பார்த்து, லண்டனில் நள்ளிரவு, நியூயார்க்கில் இரவு ஏழு என்று நடுவில் ஒரு நேரம் வைத்தேன். நான்கு ஏலம் அப்படிப் போட்டு நான்கும் சுமாராகத்தான் போயின. அதிலிருந்து பொருளைப் பார்த்து ஊரை முடிவு செய்கிறேன். ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பழைய பிரிட்டிஷ் குடியேற்றம்), மலாயா மாநிலங்கள், பிரிட்டிஷ் காலத்து முத்திரைகள் எல்லாம் லண்டன் நேரம். போர்க்கால அஞ்சல் உறைகள், கப்பல் அஞ்சல், விமான அஞ்சல் அமெரிக்க நேரம்.

விடிகாலை மூன்றுக்கு எழுந்து யாரும் பொத்தானை அழுத்த வேண்டாம். முன்கூட்டியே நாளும் மணியும் குறித்துவிட்டால் அதுவே தொடங்கிக்கொள்ளும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் மாறும். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். இந்த இடைப்பட்ட வாரங்களில் அந்த இரண்டு ஊருக்கும் நடுவிலான வித்தியாசமே ஒரு மணி குறைந்துவிடும். ஒரு நவம்பரில் கோடை மணியை மனதில் வைத்தே எட்டு ஏலங்களைக் குறித்துவிட்டேன். எட்டும் நியூயார்க்கில் இரவு எட்டுக்கு, அதாவது மேற்குக் கரையில் மாலை ஐந்துக்கே முடிந்தன. பெரிய நஷ்டமில்லை. ஆனால் என் ஏலங்களில் வழக்கமாகக் கேட்கும் கலிஃபோர்னியாக்காரர் ஒருவர் “ஆறு மணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்” என்று எழுதினார். அந்தத் தாள் அதற்குப் பிறகு வந்தது.

ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். ஒரு திங்கள் காலையைச் சொல்கிறேன். அலுவலகத்துக்குக் கீழே காப்பிக்கடையில் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன், மணி 8.50. 1930-களின் விமான அஞ்சல் உறை ஒன்று, பத்து நாள் ஏலம், அன்று ஒன்பதுக்கு முடிகிறது. ஆறு நாளாக 38 வெள்ளியிலேயே நிற்கிறது. முப்பத்தொரு பேர் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவரும் கேட்கவில்லை. 8.57-க்கு 61. அப்புறம் அசையவில்லை. கடைசி நிமிடம் ஓடுகிறது, கோப்பி ஆறிவிட்டது. பதினொரு வினாடி இருக்கும்போது 97. ஐந்து வினாடி இருக்கும்போது 140. திரையைப் புதுப்பித்தால் முடிந்துவிட்டது, 162.50. பத்து நாளில் நடந்ததைவிட அந்தப் பத்து வினாடியில் நடந்ததுதான் அதிகம்.

இதற்குக் காரணம் ஏலத்தின் விதியிலேயே இருக்கிறது. ஈபேயில் ஒருவர் தன் உச்சத் தொகையைச் சொல்லி வைத்துவிடலாம். இரண்டாவதாக நிற்பவரைவிட ஒரு படி மேலே மட்டும்தான் அவர் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் முடிவு மணி மாறாது. முன்னாலேயே கேட்டால் எதிராளி விழித்துக்கொள்வான் என்று எல்லோரும் கடைசி வரை காத்திருக்கிறார்கள். ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002-ல் இதைப் பற்றி எழுதினார்கள். ராத்துக்கு 2012-ல் நோபெல் கிடைத்தது, வேறு ஆய்வுக்காக. அமேசானும் அந்தக் காலத்தில் ஏலம் நடத்தியது. அங்கே கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது கேட்டால் ஏலம் நீண்டுவிடும். அங்கே கடைசி நிமிடத்தில் ஏலம் கேட்பது ஈபேயைவிட மிகக் குறைவு என்பது அவர்கள் கண்டது. ஆக, முடிவு மணி மாறாத இடத்தில் அந்த மணிக்கு ஆள் விழித்திருக்க வேண்டும், கையில் போன் இருக்க வேண்டும். தானாகக் கடைசி வினாடியில் கேட்கும் மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். பெரிய சேகரிப்பாளர்களிடம் இருக்கிறது. நம் பொருளின் விலையை ஏற்றுவது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது ஆள். அவரிடம் இல்லை.

கால அளவுக்கு வருவோம். என் குறிப்பேட்டில் பார்த்தால், விலை எல்லோருக்கும் தெரிந்த பொருள்களில், அதாவது கடையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் பிற்காலத் தொகுப்புகளில், மூன்று நாளும் பத்து நாளும் ஒன்றுதான். அவற்றுக்கு ஏலமே தேவையில்லை, இப்போது நிலையான விலையில் போட்டுவிடுகிறேன். அரிதானவை வேறு. அதைத் தேடுகிறவர் உலகத்தில் இருபது பேர்தான் இருப்பார். அவர் தினமும் தேட மாட்டார். வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறவர் கண்ணில் பட ஏழு நாளாவது வேண்டும், பத்து இருந்தால் நல்லது. இது என் ஊகம் மட்டுமல்ல. அமெரிக்காவின் பழைய ஒரு சென்ட் நாணயங்களுக்கு 1999-ல் நடந்த ஈபே ஏலங்களை எடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2007-ல் வெளியானது. மூன்று நாள், ஐந்து நாள் ஏலங்களுக்கு விலை ஏறத்தாழ ஒன்று. ஏழு நாளுக்கு சுமார் 24 விழுக்காடும் பத்து நாளுக்கு சுமார் 42 விழுக்காடும் கூடுதல். வாரக் கடைசியில் முடிவதால் உறுதியாகச் சொல்லும்படி பெரிய லாபம் எதுவும் அதில் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் ஞாயிறை விடவில்லை. வேலைநாள் பகலில் முடிந்து நான் இழந்தவை என் கணக்கில் இருக்கின்றன. ஆனால் ஞாயிறா, திங்கள் மாலையா என்றால் நானும் இப்போது அவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். மாலை என்பதைத்தான் சொல்வேன்.

உள்ளூர் விற்பனை தனிக் கதை. சித்தப்பாவின் சிங்கப்பூர் நோட்டுகளை, 1967-ல் வந்த ஆர்க்கிட் வரிசை, 1976-ன் பறவை வரிசை, இங்கேயுள்ள சேகரிப்பாளர்களின் முகநூல் குழுக்களில்தான் விற்றுக் கொடுக்கிறேன். அங்கே இரண்டே நாள் போதும். எல்லோரும் தினமும் பார்க்கிறார்கள், நீட்டினால் மறந்துவிடுகிறார்கள். முடிவு ஞாயிறு இரவு ஒன்பதரை. சாப்பிட்டு முடித்து, மறுநாள் வேலைக்கு முன் சோபாவில் சாயும் நேரம். பத்தரைக்கு வைத்தபோது இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். பெரும்பாலான குழுக்களில் கடைசி நிமிடம் யாராவது கேட்டால் மூன்று நிமிடம் நீட்டிப்பு என்று விதி வைத்திருப்பதால் அடிதடியும் குறைவு. மாதக் கடைசியில் சம்பளம் வந்த பின் போடுவேன். சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள் போடவே கூடாது, எல்லோரும் குடும்பத்தோடு சாப்பாட்டு மேசையில் இருப்பார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் எனக்கே கை ஒழியாது.

வெளிநாட்டு நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். ஒரு பிப்ரவரி ஞாயிறு அமெரிக்கர்களுக்கென்று ஏழு உறைகள் வைத்தேன், ஏழும் படுத்துவிட்டன. பிறகுதான் தெரிந்தது, அன்று சூப்பர் பவுல், அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டம். ஆட்டம் நியூயார்க் நேரம் மாலை ஆறரைக்குத் தொடங்கும். நான் வைத்தது ஒன்பது, ஆட்டத்தின் நடுவில்.

இன்னொன்று. ஒரே வகையான பொருள்களை ஒரே நிமிடத்தில் முடிக்காதீர்கள். எட்டு நிமிட இடைவெளி விடுகிறேன். முதலாவதில் தோற்றவர் அந்தச் சூட்டோடு அடுத்ததற்கு வருவார். சேர்த்து முடித்தால் அவர் ஒன்றைத்தான் பார்ப்பார். திங்கள் காலை முடிவதில் எனக்கு ஒரு வசதியும் உண்டு. அன்றே பணம் வந்துவிட்டால் மதிய இடைவேளையில் தபால் நிலையத்தில் கொடுத்துவிடலாம், வாங்கியவரும் மகிழ்ச்சியோடு நல்ல குறிப்பு எழுதுகிறார்.

பதினோராவது ஆல்பத்தில் கடைசிப் பக்கம் மட்டும் மீதம் இருக்கிறது. 1867-ல் இந்தியத் தபால்தலைகளின்மேல் கிரீடமும் சென்ட் மதிப்பும் அச்சிட்டு வெளியிட்ட, ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸின் முதல் வரிசையில் ஒன்று. அப்பா அதைத் தொடும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொள்வார். இடுக்கியால் எடுத்து கறுப்பு அட்டையில் வைத்து முன்னும் பின்னும் படம் எடுத்தாகிவிட்டது. டிசம்பரில் போட மாட்டேன், கிறிஸ்துமஸ் செலவு முடிந்து ஜனவரி நடுவில்தான். பத்து நாள். நமக்கு வெள்ளிக்கிழமை விடிகாலை நான்கு மணிக்குத் தொடங்கும், லண்டனில் ஞாயிறு இரவு எட்டுக்கு முடியும். அன்று மட்டும் அலாரம் வைத்து எழுந்து பார்க்கலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.