பேச்சுக் கேசட்டுகளை டிஜிட்டலாக்கும் காரைக்குடிக் கடை

காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்று பழைய ஆடியோ, வீடியோ கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தரும் வேலையையும் செய்துவருகிறது. எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் மரப்பெட்டிக்குள் கிடந்த கேசட்டுகளை அங்கே கொடுத்து மாற்றிக்கொண்டோம். பாட்டுக் கேசட்டுகளாக இருந்திருந்தால் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டோம். 1980களில் பினாங்கில் கணக்கு வேலை பார்த்த ஐயாவும் ஊரிலிருந்த அப்பத்தாவும் பேசிப் பதிந்து, வருவோர் போவோர் கையில் கொடுத்தனுப்பிய கேசட்டுகள் இவை. இவற்றுக்கு வேறெங்கும் நகல் கிடையாது.

கேசட்டைக் கையாளும் வேலையில் கடைக்காரர் தேர்ந்தவர். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய இந்த வகைக் கேசட்டில், 4 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள நாடாவை, ஒலியைப் படிக்கும் ஹெட்டின் மீது அழுத்திப் பிடிக்க ஒரு சிறு கம்பளித் துண்டு உண்டு. அது உதிர்ந்துவிட்டால் குரல் மங்கிப்போகும். எங்கள் கேசட்டுகள் பலவற்றில் அது உதிர்ந்திருந்தது, சிலவற்றில் பூஞ்சையும் படர்ந்திருந்தது. அவர் திருகாணிகளைக் கழற்றி நாடாச் சுருளை நல்ல கூட்டுக்கு மாற்றினார். பிறகு, அன்று பதிவுசெய்த டேப் ரெக்கார்டரின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வுக்குத் தம்முடைய கருவியின் ஹெட்டைத் திருகித் திருகிக் கொண்டுவந்தார். திருகு சரியான இடத்துக்கு வந்ததும், அதுவரை போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலிருந்த ஐயாவின் குரலில் சகரம் பளிச்சென்று தெளிந்தது. கேசட்டுக்கு 300 ரூபாய் என்பது இந்தக் கவனத்துக்கு அதிகமில்லை.

குறையெல்லாம் அதற்கடுத்த கட்டத்தில்தான். யாரும் கேட்காமலேயே மென்பொருளை வைத்து இரைச்சலை நீக்கி, பேச்சைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பத் தோதாகத் தருவது அந்தக் கடையின் வழக்கம். எங்களுக்கு முதலில் கிடைத்த பதிவில், அப்பத்தா ஏதோ தாமே நினைவுக்கு வந்து சொல்வதுபோல, “கெணறு தூர் எடுத்தாச்சு” என்கிறார். வற்புறுத்திக் கேட்டு வாங்கிய மூலப் பதிவிலோ, அதற்கு ஒரு நொடி முன்னால், “கெணத்தச் சொல்லுங்க” என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கிசுகிசுக்கிறது. மென்பொருளின் கணக்கில் அது இரைச்சல். டேப் ரெக்கார்டரை வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், நடுவே வைத்துக்கொண்டு, சுற்றி அமர்ந்த பெண்கள் எடுத்துக்கொடுக்க எடுத்துக்கொடுக்க, வீடே சேர்ந்து பேசிய பேச்சு அது. அதைத் துடைத்துவிட்டால் ஒரு மூதாட்டி தனியே பேசிய பேச்சாகிவிடுகிறது.

வெளியூருக்குப் பேசும் அன்றைய தொலைபேசி டிரங்க் கால் மூன்று நிமிடக் கணக்கில் ஓடியது. சாவு, பிறப்பு, பணம் தவிர வேறெதையும் அதில் பேச மனம் வராது. 60 நிமிடக் கேசட்டோ பக்கத்துக்கு அரை மணி நேரம் தந்தது. நாடா வீணாகக் கூடாதே என்று மழையையும் மாட்டையும் பேசினார்கள், பிள்ளைகளைப் பிடித்துவைத்துப் பாடச் சொன்னார்கள், நடுவே என்ன பேசுவதென்று தெரியாமல் சும்மாவும் இருந்தார்கள். பதில் வர மாதங்கள் ஆகும் என்பதால் கேள்விகள் குறைவு, செய்திகள் அதிகம். 2013இல் வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தி இதன் வாரிசு போலத் தோன்றினாலும் பழக்கம் வேறு: ஆளுக்கொரு இயர்போனில் கேட்கிறோம், அரை நிமிடம் தாண்டினால் வேகத்தைக் கூட்டுகிறோம். எங்கள் குடும்பக் குழுவில் ஐயாவின் துண்டுகளை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டு முடித்துக் கைகூப்பும் பொம்மை போட்டவர்களும் உண்டு.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று நேர்ந்தது. ஒரு கேசட்டின் முதல் பக்கம் முடியும் தறுவாயில் ஐயா, “மறுபக்கத்த நீ மட்டும் கேளு” என்கிறார். பங்காளிகளுக்குள் இருந்த கொடுக்கல் வாங்கல் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. கேசட்டைத் திருப்பிப் போட ஒரு கை வேண்டும், அந்தக் கை யாருடையது என்பது வீட்டுக்குத் தெரியும். கடையிலோ இரண்டு பக்கங்களையும் ஒட்டி ஒரே வரிசையாக்கிவிட்டதால், அத்தனையும் குழுவில் எல்லோர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆகவே பக்கங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். குழுவுக்கு அனுப்பும் முன் வீட்டில் ஒருவர் முழுக்கக் கேட்டுவிடுங்கள். கடைக் கணினியில் தங்கும் நகலை உங்கள் கண்ணெதிரில் அழிக்கச் சொல்லுங்கள். கேட்டபோது முகம் சுளிக்காமல் அழித்தார்கள்.

துடைக்காத, நறுக்காத டபிள்யூஏவி (WAV) ஒலிக்கோப்பையும் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி, முழுக் கேசட்டுக்கு 600 எம்பி என்பதால் பென் டிரைவோடு போவது நல்லது. காரைக்குடியை அடுத்த கோட்டையூரின் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. காகிதத்தைப் போற்றிவைத்த இந்த வட்டாரத்து வீடுகளில் கேசட்டுகள் மட்டும் எலி கடிக்கக் கிடக்கின்றன.

வீடியோ கேசட்டு வைத்திருப்போர் இன்னும் விரைய வேண்டும். விஎச்எஸ் எனும் வகை வீடியோ கேசட்டை ஓட்டும் கருவிகளைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் அதை நிறுத்திவிட்டது. இந்தக் கடையில் ஓடும் நிலையில் இருப்பது ஒரே ஒரு கருவி. அதற்கும் பழைய கருவிகளைப் பிரித்துத்தான் உதிரிபாகம் எடுக்கிறார்கள்.