தழும்புக்கு வெயில் மறைப்பு: சன்ஸ்கிரீனா, கண்டாங்கியா?

மார்பில் இருக்கிற தழும்புக்கு வெயில் எங்கேயிருந்து வரப்போகிறது? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓராண்டு, முடிந்தால் ஒன்றரை ஆண்டு தழும்பில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்னபோது, நாம் என்ன கடற்கரையிலா படுக்கப்போகிறோம் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே காரைக்குடி பஸ் ஏறினேன். பங்குனியில் சிரிப்பு நின்றது.

எனக்கு மார்பகப் புற்றுநோய். கட்டி வலது மார்பின் மேல்புறம், அக்குளை ஒட்டி. முதலில் கீமோ, பிறகு ஐப்பசியில் அறுவை. கட்டியையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். கீமோவுக்காக இடது காறையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்திருந்த போர்ட்டையும் (மருந்து ஏற்றும் சிறு கருவி) அன்றைக்கே கழற்றிவிட்டார்கள். ஆக, வலதில் ஒன்று, இடதில் ஒன்று, ஒரே நாளில் பிறந்த இரண்டு தழும்புகள். மார்கழி, தையில் மதுரையில் தங்கி வலது பக்கத்துக்கு மட்டும் 15 நாள் கதிர்வீச்சு.

பங்குனியில் முத்துமாரியம்மன் கோயிலுக்கு மருமகள் பால்குடம் எடுத்தாள். நான் கூட நடந்தேன். எலுமிச்சை நிறத்தில் மெல்லிய வாயில் சேலை, டூ பை டூ ரவிக்கை. காலை ஆறு மணிக்கே எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் கிரீமைத் தடவியாயிற்று. வீடு திரும்பும்போது மணி பன்னிரண்டு. சாயந்தரம் கண்ணாடியில் பார்த்தால், ரவிக்கைக் கழுத்துக்கு மேலே எட்டிப் பார்க்கும் தழும்பின் மேல்முனை ஓர் அங்குலத்துக்கு அடுப்புக்கரி தேய்த்த மாதிரி கருத்திருந்தது. எரிச்சல்? துளியும் இல்லை. அறுவைக்குப் பிறகு அந்த இடம் மரத்துக் கிடக்கிறது, சுட்டாலும் தெரியாது. இடது பக்கம் போர்ட் தழும்பு காலையில் இருந்தபடியே இருந்தது.

கிரீம் இரண்டு பக்கமும்தான் போட்டேன். வித்தியாசம் சேலைத் தலைப்பு. இடது தோளில் நாலைந்து மடிப்பாக விழுகிற தலைப்பு போர்ட் தழும்புக்குக் குடை பிடித்திருக்கிறது. வலது பக்கத்துக்கு ஒற்றை ரவிக்கைத் துணி, அதுவும் கழுத்து வரைக்கும்தான். இதை நேர்மையான சோதனை என்று சொல்ல மாட்டேன். வலது பக்கம் கதிர்வீச்சு வாங்கிய தோல். அது எப்படியும் வெயிலுக்கு வாடும், காலம் முழுக்க அதைக் காப்பாற்றத்தான் வேண்டும். என்றாலும் நான் கிரீமை விட்டுத் துணியின் பக்கம் சாய்ந்தது அன்றைக்குத்தான்.

தழும்புக்கான மருந்தைப் பற்றி இரண்டு வார்த்தை. சிலிக்கோன் ஷீட்டும் ஜெல்லும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஷீட்டை நாளுக்கு 12 மணி நேரமாவது ஒட்டிவைத்து, தினம் கழுவிக் காயவைத்து, மாதக்கணக்கில் தொடர வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மூன்று வாரம் தாங்கினேன், அடியில் வேர்க்குரு கிளம்பிவிட்டது. ஜெல் காலையும் மாலையும் மெல்லிசாக ஒரு பூச்சு, ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். ஜெல்லே போதும் என்று அதில் நின்றுவிட்டேன். தழும்பு தட்டையானது ஜெல்லாலா, நாள் ஆனதாலா என்று கேட்டால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. அயித்தை மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துக் கொண்டுவந்தார்கள். எண்ணெயைத் தோல் காய்ந்த இடத்துக்கு வாங்கிக்கொண்டேன், மஞ்சளைக் குழம்புக்கு அனுப்பிவிட்டேன். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவச் சொல்பவர்களும் உண்டு. சிலருக்கு அதுவே அரிப்பைக் கிளப்பும். தழும்பு வெட்டின கோட்டைத் தாண்டிப் பரந்து தடித்தால் அது கீலாய்டு, மருத்துவரிடம் காட்ட வேண்டியது. நம் நிறத்துக்கும் நடுமார்புக்கும் அது கொஞ்சம் அதிகமாகவே வரும்.

சரி, கிரீமுக்கு வருவோம். அது மோசமான பொருள் இல்லை. எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீதப் புறஊதா பி கதிரைத் தடுக்கும், 50 என்றால் 98. ஆகவே 50-க்கும் 30-க்கும் நடுவே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், டப்பாவில் பிஏ கூட்டல் குறிகள் (புறஊதா ஏ கதிருக்கான காப்பு) நிறைய இருக்கிறதா என்று பாருங்கள். புண் முழுசாக ஆறி, பொருக்கு உதிர்ந்த பிறகுதான் தொடலாம். கதிர்வீச்சு நடக்கும் நாட்களில் மருத்துவரைக் கேட்காமல் அங்கே எதையுமே தடவக் கூடாது. ஜிங்க் ஆக்சைடு வகை தோலை அதிகம் உறுத்தாது, ஆனால் மாநிறத்தில் திருநீறு பூசினது போலத் தெரியும்.

சிக்கல் இதெல்லாம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம், வியர்த்தால் அதற்கும் முன்னாலேயே, திரும்பத் தடவ வேண்டும். முகத்துக்கு என்றால் கைப்பையிலிருந்து எடுத்துப் பூசிக்கொண்டு போய்விடலாம். மார்புத் தழும்புக்கு? கோயில் தெருவில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து ஊக்கைக் கழற்றுவது? கல்யாண வீட்டு வளவில் எந்தக் கதவைச் சாத்துவது? மூன்று மாதத்தில் நான் வெளியில் போன இடத்தில் ஒரே ஒருமுறைதான் மறுபூச்சு போட்டிருக்கிறேன், அதுவும் தேவகோட்டையில் தங்கை வீட்டில். மற்ற நாளெல்லாம் காலை ஆறு மணிக் கிரீமை நம்பிப் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் நடந்ததுதான். இன்னொன்று, அவோபென்சோன் என்ற வெயில் தடுப்பு வேதிப்பொருள் கலந்த கிரீம் ரவிக்கையில் ஒட்டி, துவைக்கிற தண்ணீரில் இரும்பு இருந்தால், துரு நிறத்தில் கறை விழும். என் இரண்டு வெள்ளை ரவிக்கை அப்படித்தான் போயின.

துணியை அணிந்தால் வேலை முடிந்தது. ஆனால் எந்தத் துணி என்பதில்தான் விஷயம். துணியை விளக்குக்கு நேரே பிடித்து, பின்னால் விரலை ஆட்டிப் பாருங்கள். விரல் தெரிந்தால் வெயிலும் நுழையும். நெருக்கமான நெசவு, தடித்த நூல், அடர்ந்த நிறம், இந்த மூன்றும் இருந்தால் நல்லது. மொட்டை மாடியில் வற்றல் காயப்போட நைந்த வெளிர் நைட்டியோடு ஏறுகிறோமே, அது அநேகமாக ஒன்றும் போடாத கணக்கு.

அப்பத்தாவின் பெட்டியில் இரண்டு பழைய கண்டாங்கி, எங்கள் செட்டிநாட்டுப் பருத்திச் சேலை, இருந்தன, அரக்கில் மஞ்சள் கட்டம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கி இப்போது பெரிய கடையில் தொங்குகிற அதே சேலைதான், ஒரு காலத்தில் உழைப்பவர்கள் உடுத்தினது. விரல் சோதனையில் துளி வெளிச்சம் விடவில்லை. பல வருஷம் துவைத்ததில் துணி மெத்தென்றும் ஆகியிருந்தது. ஒன்றைக் கிழித்து ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். கழுத்து இறக்கத்தைக் குறைத்து, முன்பக்கம் ஊக்கு வைத்து (கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை), முக்கால் கை, ஆனால் இறுக்காமல். நெறிக்கட்டி எடுத்த கை வீங்கக்கூடும், இறுக்கிப் பிடிக்கவும் கூடாது, வெயிலில் புண்ணாகவும் கூடாது. கைக்குழித் தையல் சரியாகத் தழும்பின் மேல் வந்து உராய்ந்தது. முதல் ரவிக்கையை அதற்காகவே பிரித்துத் தைத்தோம், தையலை ஒரு விரற்கடை தள்ளி.

இதோடு தலைப்பை முதுகைச் சுற்றி வலது தோளுக்கு இழுத்துப் போர்த்திக்கொள்கிறேன். வலது பக்கம் அறுவை செய்தவர்கள் இதை மறக்க வேண்டாம், சேலை தானாக நமக்கு உதவாது. சுடிதார் போடுகிறவர்களுக்குத் துப்பட்டாவை இரண்டாக மடித்தால் சரியாகுமா என்றால், தடித்ததாக இருந்தால் ஆகும் என்று நினைக்கிறேன், நான் போட்டுப் பார்த்ததில்லை.

குறையும் உண்டு. சித்திரையில் கண்டாங்கி ரவிக்கை வேகிறது. வியர்வையில் நனைந்தால் பருத்தியும் கொஞ்சம் வெயிலை உள்ளே விடும், அதனால் வந்ததும் மாற்றிவிடுகிறேன். முழு மார்பையும் எடுத்தவர்களுக்கு, புது மார்பு அமைத்தவர்களுக்கு, இந்தத் தடித்த துணி உறுத்துமா என்பது என் அனுபவத்தில் இல்லை. எலும்பைத் தேயவைக்கக்கூடிய லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுவதால் எலும்புக்கு வெயில் வேண்டாமா என்று தங்கை கேட்டாள். முகமும் இடது கையும் காலும் வெளியேதானே இருக்கின்றன. வைட்டமின் டி அளவை ரத்தத்தில் சோதித்துப் பார்த்து, மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

கிரீமை வீசிவிடவில்லை. கழுத்து விளிம்பில் துணி விலகுகிற அந்த ஓர் அங்குலத்துக்கு இன்றும் போடுகிறேன், அதை மட்டும் யார் முன்னாலும் திரும்பத் தடவலாம். கருத்த இடம் ஆடியில் காப்பி நிறத்துக்கு இறங்கியது. இரண்டாவது கண்டாங்கியும் இப்போது தையற்கடையில் இருக்கிறது. இந்த முறை கைக்குழிக்கு அடியில் தையலே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதெப்படி ஆச்சி முடியும் என்று தையல்காரர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.