இலவசச் சட்ட ஆலோசனை: காத்திருக்கலாம், தப்பில்லை

சிங்கப்பூரில் எங்கள் பேட்டைக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு அக்கா மகனோடு போனேன். பையனுக்கு 19. கூட்டாளிகளோடு சேர்ந்து அடுக்குமாடி புளோக் லிஃப்ட் கதவில் ஸ்பிரே பெயிண்ட் அடித்துவிட்டான். ஆள்காட்டி விரல் நகத்தில் நீலம் இன்னும் போகவில்லை.

காத்திருந்தது ஒன்றரை மணி நேரம், பேசியது இருபதே நிமிடம். அதில்தான் எனக்குக் கடுப்பு. ஆனால் அந்த வக்கீலம்மா பூசி மெழுகவில்லை. இந்தக் குற்றத்துக்கு 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை, கூடவே 8 வரை பிரம்படியும் விழலாம். சாக்பீஸ், பென்சில் மாதிரி அழியக்கூடியதால் கிறுக்கி, முதல் தடவை மாட்டினால் பிரம்படி கிடையாது. பெயிண்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

“சின்னப் பையன்தானே மேடம்?” என்றேன். 1994இல் கார்களில் பெயிண்ட் அடித்த 18 வயது அமெரிக்கப் பையனுக்காக அன்றைய அமெரிக்க அதிபர் கிளின்டனே கருணை கேட்டும், ஆறு பிரம்படி நான்கானதே தவிர நிற்கவில்லை என்றார். இவன் முகம் வெளுத்துவிட்டது.

21 வயதுக்குள் என்பதால் தண்டனைக்குப் பதில் நன்னடத்தைக் கண்காணிப்பு கேட்டுப் பார்க்கலாமாம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். சீக்கிரம் போய் நம்பர் எடுங்கள்.