ரூட் கடவுச்சொல் மறந்த லினக்ஸ் சர்வர்: எந்த வழியில் நுழைவது?

லினக்ஸ் சர்வரில் முழு உரிமை கொண்ட நிர்வாகக் கணக்கான ரூட்டின் கடவுச்சொல் மறந்துபோனால் மீள்வதற்கு வழிகள் பல உண்டு. எல்லாமே கடைசியில் செய்வது ஒரே வேலைதான்: /ஈடிசி/ஷேடோ கோப்பில் ரூட்டுக்குரிய வரியின் இரண்டாம் புலத்தில் இருக்கும் ஹேஷை (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்டு எடுத்த குறியீட்டை) மாற்றி எழுதுவது. பழைய கடவுச்சொல்லை அந்த ஹேஷிலிருந்து திருப்பிப் படிக்க வழியில்லாததால், புதியதை வைப்பது ஒன்றே தீர்வு. அந்தக் கோப்பை எப்படி எட்டுகிறோம், மாற்றிய பிறகு சர்வர் ஒழுங்காக எழுந்து வருகிறதா என்ற இரண்டில்தான் வழிகள் வேறுபடுகின்றன. பெரும்பாலான வழிகாட்டிகள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன; சிக்கல் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

மறுதொடக்கத்துக்கு முன் இரண்டைப் பார்த்துவிடுவது நல்லது. சூடோ உரிமை (ரூட்டாகக் கட்டளை இடும் உரிமை) உள்ள வேறு கணக்கு எதுவும் திறந்திருந்தால், அதிலிருந்தே ரூட் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். சேவை ஒரு நொடிகூட நிற்காது. மறந்ததாக நினைக்கும் கடவுச்சொல் உண்மையில் சரியாகவே இருந்து, தவறான முயற்சிகளால் கணக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கவும் கூடும்; அப்போது தவறான முயற்சிகளைக் கணக்கு வைக்கும் ஃபெயில்லாக் பதிவை அழித்தாலே போதும்.

இவை கைகொடுக்காதபோது பலரும் முதலில் நாடும் ரெஸ்க்யூ நிலை (பழுதுபார்க்கக் குறைந்த சேவைகளோடு எழுவது), பெயருக்கேற்ற உதவியைப் பெரும்பாலும் செய்வதில்லை. ஷெல்லை (கட்டளைகள் தட்டச்சும் இடத்தை) திறக்கும் முன் அது ரூட் கடவுச்சொல்லைத்தான் கேட்கும். ரூட் கணக்கு பூட்டியே இருக்கும் உபுண்டுவின் ரெக்கவரி மெனு மட்டும் விதிவிலக்கு.

உண்மையான போட்டி, இயந்திரம் எழும்போது தோன்றும் கிரப் என்ற பூட் நிரலின் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் கெர்னல் வரியின் (இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு ஆணை தரும் வரி) இறுதியில் எதைச் சேர்ப்பது என்பதில்தான் இருக்கிறது. ஆர்டி.பிரேக் என்று சேர்த்துக் கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால், உண்மையான கோப்பு முறைமைக்குக் கட்டுப்பாடு போவதற்கு முன்பே, பூட்டின் முதல் கட்டத்துக்கான தற்காலிகக் கோப்பு முறைமையான தொடக்க ரேம் வட்டிலேயே இயந்திரம் நிற்கும். வட்டு /சிஸ்ரூட் என்ற இடத்தில் படிக்க மட்டும் என்ற நிலையில் ஏற்றப்பட்டிருக்கும். அதை எழுதும் நிலைக்கு மாற்றி, சிஎச்ரூட் மூலம் (அந்த வட்டையே வேராகக் கொண்டு) உள்ளே போய்க் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். இனிட்=/பின்/பாஷ் என்று சேர்த்தாலோ, கெர்னல், சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியை எழுப்பாமல் பாஷ் ஷெல்லையே முதல் செயல்முறையாக ஓட்டும். தட்டச்சு செய்ய வேண்டியவை இதில் குறைவு. டிராகட் என்ற கருவியைக் கொண்டு தொடக்க ரேம் வட்டை உருவாக்கும் ரெட் ஹாட் குடும்பத்துக்கே பெரிதும் உரிய முதல் வழியைப்போல் அல்லாமல், டெபியன் உட்பட ஏறக்குறைய எங்கும் இது எடுபடும்.

ஆனால் வெளியேறும்போது இரண்டும் ஒன்றல்ல. ஆர்டி.பிரேக் ஷெல்லில் எக்ஸிட் கொடுத்தால், நின்ற இடத்திலிருந்து பூட் இயல்பாகத் தொடரும். பாஷே முதல் செயல்முறையாக ஓடும்போது அதே எக்ஸிட், இனிட்டை (முதல் செயல்முறையை) கொல்ல முயன்றதாகச் சொல்லி கெர்னல் பேனிக்கில், அதாவது இயந்திரம் உறைந்துபோவதில், முடியும். சிஸ்டம்டி ஓடாததால் வழக்கமான ரீபூட் கட்டளையும் வேலை செய்யாது; எழுதியவை வட்டில் இறங்க ஒரு சிங்க் கொடுத்துவிட்டு, வலுக்கட்டாயமாகத்தான் மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஆகவே ரெட் ஹாட் வகை சர்வர்களில் ஆர்டி.பிரேக்கையும், மற்றவற்றில் மட்டும் பாஷ் வழியையும் தேர்ந்தெடுப்பதே சரியென்று எனக்குப் படுகிறது.

இரண்டுக்கும் பொதுவான பள்ளம், ஒவ்வொரு கோப்புக்கும் லேபிள் இட்டு அணுகலைக் கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு. அந்த நேரத்தில் அதன் கொள்கை ஏற்றப்பட்டிராததால், புதிதாக எழுதப்படும் ஷேடோ கோப்பு தனக்குரிய லேபிள் இல்லாமல் பிறக்கிறது. மறுதொடக்கத்துக்குப் பிறகு சரியான கடவுச்சொல்லைத் தந்தாலும் உள்ளே விடாது. இதற்காகவே, அடுத்த பூட்டில் எல்லாக் கோப்புகளுக்கும் லேபிளை மறுபடி இடவைக்கும் .ஆட்டோரீலேபிள் என்ற வெற்றுக் கோப்பை உருவாக்கச் சொல்கிறார்கள். லட்சக்கணக்கான கோப்புகள் கொண்ட சர்வரில் அந்த முழு மறுலேபிளிடல் நெடுநேரம் பிடிக்கும், முடிந்ததும் இன்னொரு மறுதொடக்கமும் நடக்கும். அதற்குப் பதிலாக, எஸ்இலினக்ஸ் எதையும் தடுக்காதிருக்க ஆர்டி.பிரேக்குடன் என்ஃபோர்சிங்=0 என்பதையும் சேர்த்து பூட் செய்து, உள்ளே நுழைந்ததும் ஷேடோ கோப்புக்கு மட்டும், லேபிளைச் சரிசெய்யும் ரெஸ்டோர்கான் கட்டளையைக் கொடுத்து, பின் எஸ்இலினக்ஸை மீண்டும் இயக்கினால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். (திரையில் ஷெல்லே தெரியவில்லை என்றால், அதே கெர்னல் வரியில் சீரியல் போர்ட்டைச் சுட்டும் கன்சோல்= அமைப்பு கடைசியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; கடைசியாகச் சொல்லப்பட்ட கன்சோலுக்குத்தான் ஷெல் போகும்.)

கிரப்புக்கே கடவுச்சொல் இட்டிருந்தால் மேற்சொன்ன இரண்டும் அடைபட்டுவிடும். அப்போது மீட்பு ஐஎஸ்ஓவிலிருந்து (தனி பூட் வட்டுப் படிமம்) பூட் செய்து, வட்டிடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம் இருந்தால் அதை உயிர்ப்பித்து, வட்டை ஏற்றி, சிஎச்ரூட் வழியாக மாற்ற வேண்டும். படிகள் அதிகம் என்றாலும் கிரப்பையோ கெர்னல் வரியையோ நம்பியிராத வழி இது. லக்ஸ் என்ற முறையில் குறியாக்கம் செய்யப்பட்ட வட்டாக இருந்து, அதன் கடவுத்தொடரும் தெரியாவிட்டால், எந்த வழியாலும் பயனில்லை.

மேகக் கணினியில் முதலில் நாட வேண்டியது சேவையாளர் தரும் கருவியைத்தான். அஸூரின் விஎம்ஆக்சஸ் நீட்டிப்பு அத்தகையது. ஆனால் சர்வருக்குள் ஓடும் அதன் துணை நிரலான ஏஜென்ட் உயிரோடு இருந்தால்தான் அது பலிக்கும். இல்லையெனில் சர்வரை நிறுத்தி, ரூட் வட்டைக் கழற்றி, இன்னொரு இயந்திரத்தில் மாட்டித்தான் மாற்ற வேண்டும். அமேசான் இசி2வில் இப்படி நிறுத்தினால் இன்ஸ்டன்ஸ் ஸ்டோர் என்ற தற்காலிக வட்டில் உள்ள தரவு அழியும். எலாஸ்டிக் ஐபி என்ற நிலையான முகவரி இல்லையென்றால் பொது முகவரியும் மாறும். உதவி இயந்திரமும் அதே இமேஜிலிருந்து (வட்டு வார்ப்பிலிருந்து) உருவானது என்றால், எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை கொண்ட வட்டு, இரண்டுக்கும் ஒரே யுயுஐடி (அடையாள எண்) என்ற காரணத்தால் ஏற மறுக்கும்; நோயுயுஐடி விருப்பத்தோடு ஏற்ற வேண்டும். உதவி இயந்திரம் ஏஆர்எம் செயலிக் கட்டமைப்பிலும் வட்டு எக்ஸ்86க்கு உரியதாகவும் இருந்தால் சிஎச்ரூட் நடக்காது. அதே கட்டமைப்பு கொண்ட இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலை முடிந்து வட்டைத் திரும்ப மாட்டும்போது முன்பிருந்த அதே ரூட் சாதனப் பெயரைக் கொடுக்காவிட்டால் சர்வர் தொடங்காது என்பதால், கழற்றும் முன்பே அந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.